பிடியரிசிப் பானையிலிருந்து வட்ஸ்அப் குழு வரை: எமது கொடை மரபு கடந்து வந்த பாதை

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், சங்கத்தை வழிநடத்திய தலைவிகளைப் பற்றியும் கல்லூரியின் வளர்ச்சி பற்றியும் இம்மலரில் பலர் எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்று வேறானது. ஒரு நல்ல காரியத்துக்காகத் தொலைவிலுள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து கொடுப்பது எம்மிடையே எவ்வாறு தொடங்கி, எவ்வாறு இணையத்துக்கு வந்தது, அதில் எது நிலைத்தது, எது கரைந்து போனது என்பதைத் திரும்பிப் பார்ப்பதே எமது நோக்கம். இன்று ஒவ்வொரு வகுப்புப் பிரிவுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கின்றது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ இருப்பவர் சில நிமிடங்களில் பணம் அனுப்பிவிடலாம். ஆயினும் கூட்டாகக் கொடுக்கும் கலையை எமக்குக் கற்பித்தது கைத்தொலைபேசி அன்று. அதற்கு நெடிய வரலாறு உண்டு.

பானையில் தொடங்கிய கணக்கு

சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடுவது எமது பாட்டிமாரின் வழக்கம். கிழமை முடிவில் ஒருவர் வீடு வீடாக வந்து அதைச் சேர்த்துச் செல்வார். சைவத்தவரிடமும் கிறிஸ்தவர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்குப் பிடியரிசி கைகொடுத்தது. மிஷன் சபைகளின் பெண்கள் சேர்த்த பிடியரிசி திருச்சபைப் பணிகளுக்குப் போனது.

இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொடுப்பவர் வசதி படைத்தவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பிடி எவருக்கும் பாரமன்று. காசைக் கையாளும் உரிமை பெரும்பாலும் ஆண்களிடம் இருந்த காலத்தில், அரிசிப் பானை பெண்ணின் ஆட்சியில் இருந்தது. எனவே பெண் எவரையும் கேளாமல் கொடுக்கக்கூடிய கொடை அது. சேர்த்த அரிசி எங்கே போகின்றது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாடசாலையும் கோவிலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. கொடுத்தவள் தன் கண்ணாலேயே கணக்குப் பார்த்தாள்.

கடல் கடந்த கடிதங்கள்

கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே கடல் வந்தபோது கண்ணால் பார்க்கும் கணக்கு போதவில்லை. அந்த இடைவெளியைக் கடிதம் நிரப்பியது. இதற்கு எமது குடாநாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கின்றது.

அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த மேரி லீச், மார்கரெட் லீச் என்னும் சகோதரிகள் 1880இல் அமெரிக்க இலங்கை மிஷன் பணியாளர்களாக யாழ்ப்பாணம் வந்தனர். ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கிய பெண்கள் பிரசவத்தின்போது படும் துன்பத்தை அவர்கள் நேரில் கண்டனர். பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று முடிவு செய்து, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஊர் ஊராகச் சென்று பேசினர், கடிதங்கள் எழுதினர், தமது அனுபவங்களை 1890இல் ‘செவன் இயர்ஸ் இன் சிலோன்’ என்ற நூலாகவும் வெளியிட்டனர். யாழ்ப்பாணத்தை ஒருபோதும் காணாத பலர் அந்த நூலையும் கடிதங்களையும் நம்பிப் பணம் கொடுத்தனர். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார் அங்கு பல்லாண்டு பணிபுரிந்தார். ‘இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்’ என்று சொல்லக் கேளாத குடும்பம் எமது பகுதியில் குறைவு.

இன்றைய சொல்லில் சொன்னால் லீச் சகோதரிகள் உருவாக்கியது ஒரு கொடையாளர் வலையமைப்பு. கப்பல் தபாலில் இயங்கியதால் அது மெதுவாக நகர்ந்தது. ஆனால் அதன் அடிப்படை உறுதியாக இருந்தது. தேவையைச் சொன்னவர்கள் அந்த இடத்தில் வாழ்ந்து அதைக் கண்டவர்கள். கட்டடம் எழுந்த பின்னரும் அங்கே பொறுப்பாக ஒருவர் தங்கியிருந்தார்.

மின்சாரம் இல்லாத ஊரும் மின்னஞ்சலும்

1983க்குப் பின்னர் எம்மவர் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தனர். இலண்டன், கனடா, அவுஸ்திரேலியா என்று பழைய மாணவர் சங்கங்களின் கிளைகள் தோன்றின. ஆண்டுக்கொரு இராப்போசன விருந்து, ஒரு கலைவிழா, அதில் சேரும் நிதி என்பதே அக்கிளைகளின் வாழ்வு.

இந்த இடத்தில் வரலாறு ஒரு விசித்திரமான திருப்பத்தை எடுத்தது. 1990களில் மேற்கு நாடுகளில் மின்னஞ்சல் வீடுகளுக்கு வந்தது. அதே 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. தொலைபேசி இல்லை, ஏ9 வீதி இல்லை. எம் வயதினர் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட சிக்கன விளக்கின் முன் இருந்து படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். வெளிநாட்டுக் கடிதம் கிழமைகள் கழித்து வந்தது. சில வேளைகளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித் தாளாக வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பாடசாலைப் பதிவேடுகளைப் பற்றிச் சிந்திக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

ஆகவே எம்மவரின் இணையச் சமூகம் பிறந்தபோது பாடசாலை அதற்குள் இருக்கவில்லை. கிளைகள் தம்முள் பேசின. ரொறன்ரோ இலண்டனிடம் கேட்டது. இலண்டன் சிட்னிக்குப் பதில் எழுதியது. பாடசாலைக்கு என்ன தேவை என்பதை அவர்கள் தமது நினைவிலிருந்தே ஊகித்தனர். அது அன்பினால் நேர்ந்தது; வேறு வழியும் இருக்கவில்லை. 2002இல் ஏ9 திறந்தது. 2006இல் மீண்டும் மூடியது. போர் முடிந்த பின்னரே வழி நிலையாகத் திறந்தது. இன்று அதிபரின் கையில் தொலைபேசி உண்டு. இருந்தும் அக்காலத்தில் படிந்த பழக்கம் இன்னும் முற்றாக மாறவில்லை. பாடசாலைக்காக நாம் பேசுவது எமக்குப் பழகிவிட்டது. பாடசாலை பேசுவதை நாம் கேட்பது இன்னும் பழக வேண்டிய ஒன்றாகவே இருக்கின்றது. இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவதெல்லாம் இதைச் சுற்றியே அமைகின்றது.

எரிந்த நூல்களும் தட்டச்சு செய்த விரல்களும்

இணையத்தில் கூடிய தமிழர்கள் தொடங்கிய கூட்டுப்பணிகளில் மிக நீண்ட ஆயுள் பெற்றவை நூல் சார்ந்தவை. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் அரசு கொடுத்த வரமன்று. 1933இல் க. மு. செல்லப்பா அவர்கள் தமது வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊர்ப் பெரியோர் கூடினர். 1934 ஓகஸ்ட் 1இல், வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. 1959இல் அழகிய கட்டடம் கிடைத்தது. 1981 மே 31 நள்ளிரவு கடந்து அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன.

1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த விஞ்ஞானி முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் சிதறியிருந்த தொண்டர்கள் தமிழ் இலக்கியங்களைத் தத்தம் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்தனர். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொரு நாட்டிலிருந்தவர் பிழை திருத்தினார். இவர்களிற் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ஊதியமும் இல்லை. எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்பதே அவர்களின் ஒரே விதி.

அதை முன்மாதிரியாகக் கண்ட இலங்கை இளைஞர்கள் சிலர் ஈழத்து நூல்களுக்கென 2005 தைப்பொங்கலையொட்டி நூலகம் திட்டத்தைத் தொடங்கினர். தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோரின் பெயர்கள் அதன் தொடக்கத்தோடு இணைந்தவை. முதலில் தட்டச்சு, பின்னர் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தல். நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கல்வெட்டு எனப்படும் நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள் என இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உள்ளன. எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். செலவில் பெரும்பகுதியை ஊரிலும் புலம்பெயர்ந்தும் வாழும் அன்பர்களின் நன்கொடை தாங்குகின்றது.

இப்பணி எவ்வாறு நிலைத்தது? மூன்று காரணங்களை நாம் காண்கின்றோம். வேலை சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. இருபது பக்கம் செய்பவருக்கும் அதில் இடம் இருந்தது. இது பிடியரிசியின் அதே முறை. அடுத்து, செய்த வேலை அனைவர் கண்ணுக்கும் உடனே தெரிந்தது; பட்டியலே கணக்கானது. மூன்றாவது, ஆவணங்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே வேலை நடந்தது. தொலைவிலிருந்தவர்கள் தாங்கினர், அருகிலிருந்தவர்கள் நடத்தினர்.

ஆழிப்பேரலை சொன்ன இரு பாடங்கள்

2004 டிசம்பர் 26ஆம் நாள் இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாட்களில் இணையம் இரு முகங்களைக் காட்டியது.

கொழும்பில் கணினித் துறையினர் தொண்டர்களாகக் கூடினர். எந்த முகாமில் எத்தனை பேர், எவரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கின்றது, எங்கே என்ன குறைவு என்பவற்றைப் பதிய ஒரு மென்பொருளைச் சில கிழமைகளில் எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் ‘சஹானா’ என்ற பெயரை அதற்கு இட்டனர். உலகெங்குமிருந்தும் நிரலாளர்கள் அதில் இணைந்தனர். எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என விடப்பட்ட அம்மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டியிலும் உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நல விருதையும் பெற்றது. எமது சிறிய நாட்டில் பிறந்த ஓர் இணையக் கூட்டுப்பணி உலகுக்குக் கொடையானது பெருமைக்குரியது. அம்மென்பொருள் முதலில் கேட்ட கேள்வி ‘எங்கே என்ன தேவை?’ என்பதே.

மறு முகம் மருந்துகளில் தெரிந்தது. அதே பேரலையால் பாதிக்கப்பட்ட இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்து வந்து குவிந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. அதில் பெரும்பகுதி அந்நாட்டின் மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை; பெரும்பாலானவற்றின் மேலுறையை உள்ளூரவர் வாசிக்க முடியவில்லை. காலாவதியானவற்றை அழிக்கவும் பணம் தேவைப்பட்டது. இது புதிய செய்தியன்று. உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே மருந்துக் கொடைக்கு வழிகாட்டி வெளியிட்டது. பெறுபவர் கேட்டதையே அனுப்ப வேண்டும். வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலமாவது எஞ்சியிருக்க வேண்டும். பெறும் நாட்டின் வைத்தியர் விளங்கிக்கொள்ளும் மொழியில் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். கொடுப்பவரின் நாட்டில் பாவனைக்குத் தகாதது பெறுபவருக்கும் தகாது என்பது அதன் அடிப்படை.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்தபோது, எம்மில் வைத்தியத் துறையில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை அன்றாடம் கண்டோம். வைத்தியசாலையின் மருந்தாளர் எழுதித் தந்த பட்டியலை முன்வைத்து இயங்கிய குழுக்கள் அனுப்பிய பெட்டி வந்த அன்றே விடுதிக்குப் போனது. பட்டியல் கேளாமல் வீட்டிலுள்ளதைச் சேர்த்து அனுப்பிய பெட்டிகளைத் தரம்பிரிக்கவே ஆட்கள் தேவைப்பட்டனர். இரண்டிலும் இருந்த அன்பு ஒன்றே. வேறுபட்டது, முதலில் யார் பேசினார் என்பது மட்டுமே.

தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு நடை

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 2011 ஜூலையில், கொழும்பைச் சேர்ந்த நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவே என்னும் இரு நண்பர்கள் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை நடந்தனர். ‘ட்ரெயில்’ எனப்பட்ட அந்நடை 27 நாட்களில் சுமார் 670 கிலோமீற்றரைக் கடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி சேர்ப்பதே நோக்கம். செய்தி முகநூல் வழியாகவும் பரவியது. ஒரு நாள் மட்டும் நடந்தவர்கள் பலர். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள் பலர். வீதியோரத்தில் நின்று சில்லறையைக் கையில் திணித்த சிங்கள, தமிழ், முஸ்லிம் கிராமத்தவர் பலர். 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் சேர்ந்தது. 2016இல் எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி, காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக மீண்டும் நடந்தனர்.

வடக்கிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமவுக்குப் போவதென்றால் எவ்வளவு அலைச்சல் என்பதை எமது குடும்பங்கள் அறியும். மொழி தெரியாத இடம், தங்க வீடில்லை, கூட வருபவருக்கு வேலை இழப்பு. அதை அறிந்தவர்கள் தெற்கிலும் இருந்தனர் என்பது இந்நடையின் சிறப்பு. இணையம் ஆட்களைத் திரட்டியது உண்மை. ஆனால் நம்பிக்கையைத் திரட்டியது வெயிலில் நடந்த கால்கள். சேர்ந்த பணம் அரச வைத்தியசாலையோடு இணைந்த கட்டடமாக நின்றதால், அதை நடத்தும் ஆளணியும் தொடர்ந்து இருந்தது.

எமது குழுக்கள் இன்று

இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் எமது குழுக்களைப் பார்ப்போம். அவை செய்யும் நன்மை பெரிது. தந்தையை இழந்த மாணவிக்கு மாதாந்த உதவி, சாதாரண தர வகுப்புக்கு மேலதிக ஆசிரியர், நீர்த்தொட்டி, நூலகத்துக்கு நூல், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் சிகிச்சை என எத்தனையோ காரியங்கள் ஓசையின்றி நடக்கின்றன. முப்பது ஆண்டுகள் தொடர்பற்றிருந்த தோழிகளை இக்குழுக்களே மீட்டுத் தந்தன.

அதேவேளை சில குறைகளையும் நாம் நேராகப் பேச வேண்டும். ஒரே தேவைக்கு மூன்று குழுக்கள் தனித்தனியே பணம் சேர்க்கின்றன. அடுத்த தேவைக்கு எவரும் இல்லை. கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் உடனே சேர்கின்றது. அவற்றைப் பராமரிக்கவும் ஆசிரியரை அமர்த்தவும் சேர்வதில்லை. பெயர்ப்பலகை பொறிக்க முடியாத கொடைக்கு ஆள் குறைவு.

எல்லாவற்றிலும் கவலை தருவது படங்கள். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றி, கையில் பொதியைக் கொடுத்து, படமெடுத்து முகநூலில் இடும் வழக்கம் எங்கும் பரவிவிட்டது. கொடுத்த பணம் சேர்ந்தது என்பதற்கு அது சான்று என்கிறார்கள். நோயாளியின் விபரத்தை அவர் அனுமதியின்றி எவருக்கும் சொல்லலாகாது என்பது எமது தொழிலின் முதல் ஒழுக்கம். ஏழ்மைக்கும் அந்த மறைவு உரியது. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை தன் வகுப்புத் தோழிகளின் கைகளில் அந்தப் படம் சுற்றுவதை அறிவாள். அப்படம் அழியாது, அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் இருக்கும். பிடியரிசிப் பானையில் எவர் பெயரும் எழுதப்படவில்லை. அதில் பொங்கிய சோற்றை உண்ட பிள்ளையின் பெயரும் எழுதப்படவில்லை. எமது பாட்டிமாருக்கு இது எவரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

அடுத்த நூற்றாண்டுக்கு

எனவே நூற்றாண்டு நிதியத்தைப் பற்றி உலகெங்குமுள்ள எமது சகோதரிகளிடம் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

பாடசாலை தனது தேவைகளைத் தானே எழுதி, முன்னுரிமைப்படுத்தி, ஒவ்வொரு தவணையும் தாய்ச்சங்கத்திடம் கொடுக்கட்டும். அதிபரோடு ஆசிரியர்களும் மாணவத் தலைவிகளும் அதில் கருத்துச் சொல்லட்டும். எல்லாக் கிளைகளும் எல்லா வகுப்புக் குழுக்களும் அந்த ஒரே பதிவேட்டைப் பார்த்தே பணம் சேர்க்கட்டும். கட்டடமோ கருவியோ கொடுப்பவர் அதன் சில ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுக்கட்டும். வரவும் செலவும் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டுக் கொடுத்தவர்களுக்கும் பாடசாலைக்கும் ஒரே நாளில் போய்ச் சேரட்டும். அந்தப் பக்கமே போதிய சான்று. பிள்ளைகளின் முகங்கள் வேண்டாம். தனிப்பட்ட உதவி பெறுபவரின் பெயர் அதிபருக்கும் பொறுப்பாசிரியைக்கும் மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்று, பணமே தேவைப்படாத கொடை. இடப்பெயர்வுகளில் எமது பழைய சஞ்சிகைகள் பல தொலைந்துவிட்டன. ஆனால் உங்கள் தாயாரின் பெட்டியிலோ வெளிநாட்டு வீட்டின் அலுமாரியிலோ ஒரு பிரதி கிடக்கலாம். பரிசளிப்பு விழா அறிக்கை, விடுதிப் படம், ஆசிரியைக்கு எடுத்த பிரியாவிடை மலர் எதுவாயினும் தாய்ச்சங்கத்துக்கு அறியத் தாருங்கள். நூலகம் போன்ற எண்ணிம நூலகத்தில் அவற்றைச் சேர்த்தால் எந்தத் தீக்கும் எந்த இடப்பெயர்வுக்கும் அவை அகப்படா. இருபது பக்கம் ஸ்கேன் செய்வது ஒரு மாலை வேலை. அதுவும் ஒரு பிடியரிசிதான்.

எம்மைச் சேர்க்கும் கருவிகள் இன்னும் மாறும். கப்பல் தபால் போனது போல் வட்ஸ்அப்பும் ஒரு நாள் போகும். 150ஆவது ஆண்டு மலரை எழுதப் போகும் மாணவி இன்று ஆறாம் வகுப்பில் இருக்கலாம். எமது உதவியால் படிப்பவளாகவும் இருக்கலாம். அவள் அப்பணியை விரும்பி ஏற்க வேண்டுமென்றால், உதவி பெற்றதை நினைத்து அவள் கூச வேண்டிய ஒரு நாளையும் நாம் அவளுக்குத் தரக்கூடாது.